ஆர்மில இருந்து வந்தவர் மேனேஜரானா ஃபேக்டரிக்கு நல்லதா?

கோத்தகிரி_கொழுந்து:
எங்க டீ ஃபேக்டரிக்கு ரிட்டையர்டு மேஜர் ஒருத்தர் மேனேஜரா வந்து நாலு மாசம் ஆச்சு. போன வாரம் மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் லேட்டு, பத்து நிமிஷம் பிந்தி வந்த மூணு அக்காங்கள கேட்டோடயே திருப்பி அனுப்பிட்டாரு, அன்னைக்கு சம்பளமும் போச்சு. ஒரு அக்கா தூக்குச்சட்டிய மடியில வச்சிட்டு பஸ் ஸ்டாப்புலயே உக்காந்திருந்தாங்க. இந்த பட்டாளத்து முறை ஃபேக்டரிக்கு ஆகவே ஆகாது.

வெலிங்டன்_ஜவான்:
தப்பு அந்த ஆளோடதும்மா, ஆர்மியோடது இல்ல. நான் இங்க வெலிங்டன்ல எம்ஆர்சிங்கற மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்ல ட்ரெய்னிங் எடுத்து 17 வருஷம் அதே ரெஜிமென்ட்ல இருந்தவன். பையன் லேட்டா வந்தா ஏன்டான்னு கேக்க, ஜவானுக்கும் ஆபீசருக்கும் நடுவுல சுபேதார் சாப் இருப்பாரு, வீட்ல அம்மாவுக்கு முடியலன்னா அவருக்குத்தான் முதல்ல தெரியும், அவரே ஆபீசர்கிட்ட போய் லீவுக்குப் பேசுவாரு. எல்லார் தட்டுலயும் சோறு விழுந்துச்சான்னு பாத்துட்டுதான் அவர் உக்காருவாரு.

குன்னூர்_டிரையர்:
அண்ணே, அங்க எதுத்துப் பேச முடியுமா? எங்க பழைய மேனேஜரும் ஆர்மிதான். பனி நாள்ல அரைச்ச கொழுந்து புளிக்க அதிக நேரம் எடுக்கும், செம்பு நிறம் இன்னும் வரலைன்னு முப்பது வருஷம் வேல பாத்தவர் சொல்றாரு, இவரு சார்ட்ல போட்ட டைம் முடிஞ்சிருச்சு, டிரையர்ல போடுன்னுட்டாரு. அந்த லாட் டீல பச்சை வாடை.

வெலிங்டன்_ஜவான்:
1971 ஏப்ரல்ல இந்திரா காந்தி பாகிஸ்தானோட உடனே போருக்குப் போகலாமான்னு கேட்டப்ப, படை இப்ப தயாரா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவர் அப்ப ஆர்மித் தலைவரா இருந்த மானெக்‌ஷா. டிசம்பர்ல போனாங்க, 13 நாள்ல முடிஞ்சுது. ஆபீசருங்க படிக்கற நம்ம வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு கமாண்டன்ட்டா இருந்தவர், கடைசி வரைக்கும் குன்னூர்லதான் இருந்தாரு. எதுத்துப் பேசறதும் அங்க கத்துக்கறதுதான் தம்பி.

கோத்தகிரி_கொழுந்து:
அவரு ஆர்மிக்கே தலைவர்ணே, பிரதமர்கிட்ட பேசினாரு. கேட்டுல நிக்கிற அக்கா யார்கிட்ட பேசுவாங்க? நீங்க சொல்ற சுபேதார் எங்க ஃபேக்டரில யாரு? எங்க மேஸ்திரியே மேனேஜரப் பாத்தா அட்டென்ஷன்ல நிக்கிறாரு.

வெலிங்டன்_ஜவான்:
அது நியாயம், ஒத்துக்கறேன். ரேஷன், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பென்ஷன் எல்லாம் குடுத்துட்டுதான் ஆர்மி எங்கள சொன்னத செய்யச் சொன்னுச்சு. தினக்கூலிக்கு வர்றவங்ககிட்ட அதே கண்டிப்ப மட்டும் எடுத்துட்டு வந்தா அவரு பாதி ஆர்மியதான் கொண்டு வந்திருக்காரு. அந்த மூணு பேர் சம்பளத்தக் கேட்டு லெட்டர் நான் எழுதித் தரேன், என் பழைய ரேங்க்கப் போட்டு கையெழுத்தும் போடறேன்.

கோத்தகிரி_கொழுந்து:
என் கருத்து மாறலண்ணே. ஆனா லெட்டர் வேணும், நாளைக்கு காலைல முதல் பஸ்சுக்கு முன்னாடி கெடைக்குமா?