தூக்கத்தில் ஆண்குறி விறைப்பை அளக்கும் சோதனை கோவைப் பக்கம் உண்டா?

வணக்கமுங்க. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 43, ஆறு வருடமாகச் சர்க்கரை, ஒரு வருடமாக விறைப்புக் குறைபாடு. போன இடத்தில் ஒன்றும் பார்க்காமலே மனசுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார்கள். ரொம்ப வேதனையாகப் போய்விட்டது.

நல்ல உடம்புக்குத் தூக்கத்தில், இரவில் 3 முதல் 5 தடவை தானாக விறைப்பு வரும். அது வந்தால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் சரி. வராவிட்டால் உடம்பில்தான் காரணம் தேட வேண்டும். ரத்தம் பாயும்போது தோலின் சூடும் ஏறுமாம். அதைச் சின்ன உணரி ஒட்டி அளக்கும் முறையை ஆராய்ந்து வருகிறார்கள். ஆண்குறியில் வளையம் மாட்டி விறைப்பை அளக்கும் ரிஜிஸ்கேன் கருவி போல இது இறுக்காது என்பதால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கோவை, ஈரோடு, திருப்பூரில் இரண்டில் எதையாவது செய்யும் மருத்துவர் தெரியுமா அண்ணா? எனக்கு இரவு ஷிப்ட். பகல் தூக்கத்தில் அளந்தால் சரியாக வருமா? அனுபவப்பட்டவர்கள் தனியாகச் சொன்னாலும் போதுமுங்க.