நிறைவுற்ற கொழுப்பா, உறைகொழுப்பா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்காக, கொலஸ்டிராலைச் சாப்பாட்டால் குறைப்பது பற்றிச் சிறு கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணெயிலும் நெய்யிலும் இருந்து கொலஸ்டிராலை ஏற்றும் 'சாச்சுரேட்டட் ஃபேட்' வரும் இடத்திலெல்லாம் 'நிறைவுற்ற கொழுப்பு' என்றே எழுதினேன். மேல்நிலை வகுப்பில் வேதியியல் நடத்திய காலம் முழுக்க நான் கரும்பலகையில் எழுதிய சொல் அது. படித்துக் காட்டியபோது ஓர் அக்கா கேட்டார்: "நிறைவான கொழுப்பு என்றால் நல்லதுதானே டீச்சர், அதை எதற்குக் குறைக்கச் சொல்கிறீர்கள்?"

அவர் மேல் தவறே இல்லை. நிறைகுடம், மனநிறைவு, ஆடியில் எங்கள் கோயில்களில் புதுக்கதிர் வைக்கும் நிறைபுத்தரி என்று, நிறைவு எங்கே வந்தாலும் மங்கலம்தான். கரிமச் சங்கிலியில் இனி ஹைட்ரஜன் சேர இடமில்லை என்பதைச் சொல்ல அந்தச் சொல் மிகச் சரி. வேதியியல் பாடத்தில் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் சமையலறையில் அது தவறான கதவைத் திறந்துவிடுகிறது. முந்தைய மடலில் வந்த 'தெவிட்டிய கொழுப்பு' என்பதையும் சொல்லிப் பார்த்தேன். அதிகம் சாப்பிட்டால் தெவிட்டும் பண்டம் என்று புரிந்துகொண்டார்கள்.

என் பரிந்துரை: உறைகொழுப்பு.

மார்கழிக் காலையில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் எந்த வீட்டிலும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக உறைந்திருக்கும். அடுப்போரம் வைத்தோ வெயிலில் வைத்தோதான் ஊற்ற முடியும். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையும். அதன் கொழுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த வகை என்பதே காரணம். நெய்யும் வெண்ணெயும் உறைவதும் இதனால்தான். நல்லெண்ணெயில் இது ஏறத்தாழ 15 சதவீதம். அந்தக் காலையிலும் ஓடும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் புழங்கும் ஊர்களில் இந்தக் காட்சி அன்றாடம் இல்லை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அவியலுக்கும் தீயலுக்கும் நேந்திரங்காய் வறுவலுக்கும் தேங்காய் எண்ணெய்தான். ஆகவே இந்தச் சொல்லை நாங்கள் கொண்டுவருவது பொருத்தம் என்றே நினைக்கிறேன். இதன் மேல் குழுவில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> உறைகொழுப்பு என்றால் இரத்தக் குழாயில் போய் உறைகிறது என்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைப்பார்கள். இரண்டு நாள் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. உடலின் சூடு 37 பாகை; அங்கே எதுவும் அப்படி உறைவதில்லை. நடப்பது வேறு. இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால் என்கிறோமே, அது) துகள்களைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் ஈரலில் உண்டு. உறைகொழுப்பு மிகுந்தால் அந்த ஏற்பிகள் குறைகின்றன; எல்டிஎல் இரத்தத்திலேயே தங்கிப்போகிறது. இதைக் கையேட்டில் தனிப் பத்தியாகவே சேர்த்துவிட்டேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். புதிய சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டவர் எண்ணெயைக் குறைப்பார். பழைய சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டவர் கூட்டுவார்.

> ரேஷன் கடைப் பாமாயில் உறைவதில்லையே? அதிலும் இது இருக்கிறதே?

வலுவான மறுப்பு. அந்தப் பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல் உறைகொழுப்பு, மற்றவை கலந்திருப்பதால் நம் ஊர் வெப்பத்தில் ஓடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கலங்கிக் கட்டியாகும். ஆகவே உறைகொழுப்பு என்பது எண்ணெயின் பெயர் அல்ல, எண்ணெய்க்குள் இருக்கும் ஒரு பகுதியின் பெயர் என்று வரையறுக்க வேண்டும். வனஸ்பதியும் உறையும், அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்புக்கு வேறு சொல் தேவை, அதைத் தனி மடலில் பேசலாம்.

சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உறைகொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 10 சதவீத வரம்பிலிருந்து வருவது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் தேங்காய் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 23 கிராம் எண்ணெய். அதில் ஏறத்தாழ 19 கிராம் உறைகொழுப்பு. மீன் குழம்புக்கு அரைக்கும் தேங்காய், டீக்கடைப் பழம்பொரி, பால், நெய் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. பாட்டிலின் மேல் 'கொலஸ்டிரால் இல்லை' என்று இருப்பது உண்மைதான். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் இருப்பதாகச் சொல்ல முடியாது. எல்டிஎல்லை ஏற்றுவது உள்ளே இருக்கும் உறைகொழுப்பு. இந்த வாக்கியத்தை 'நிறைவுற்ற' போட்டு எழுதிப் பாருங்கள், அதன் கூர்மை போய்விடும்.

தேங்காயை விடச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பொரியலுக்கு நல்லெண்ணெய், தாளிப்புக்கு மட்டும் தேங்காய் எண்ணெய், சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பில், காலையில் சிறுபயறு, வாரத்தில் சில நாள் வெண்டைக்காய், தினமும் அரை மணி நேர நடை, இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். பயறிலும் வெண்டைக்காயிலும் உள்ள கரையும் நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுக்கிறது. 'கரையும் நார்' எல்லோருக்கும் உடனே புரிந்தது, அதை மாற்ற வேண்டாம். மருந்து எழுதப்பட்டவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கடைசியாக, மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறைபனி போல இது வினைத்தொகை. நடுவில் 'க்' வராது. 'உறைக்கொழுப்பு' என்று திருத்திவிட்டால் தலையணை உறை நினைவுக்கு வரும். எதிர்ச்சொல்லான 'உறையாக் கொழுப்பு' என்பதில் மட்டும் 'க்' வேண்டும்.