மொறிஸ் மைனர் பியூஸ் பிரச்சினை, தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

அண்ணாமார், யாழ்ப்பாணத்தில மொறிஸ் மைனர் 1000 கார் வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா பாருங்கோ. 1963 மொடல், பிரேக் பிடிக்கேக்க சிலநேரம் ஏ3-ஏ4 பியூஸ் (பியூஸ் பெட்டியில ஏ3, ஏ4 எண்ட முனையளுக்கு இடையில இருக்கிறது) எரிஞ்சு போகுது, உடனே சிக்னல், வைப்பர், பெற்றோல் மீற்றர் எல்லாம் நிக்குது, இக்னிஷன் வெள்ளை வயர் பியூசுக்கு முன்னால எடுக்கிறதால எஞ்சின் மட்டும் ஓடும்.

பியூசுக்குப் பதிலா 21 வாற் பல்ப் ஒண்டைப் போட்டு, பின்னால பிரேக் பல்ப் ரெண்டையும் கழட்டிப்போட்டு பெடலை மிதிச்சாலும் பியூஸ் இடத்தில போட்ட பல்ப் முழு வெளிச்சமா எரியுது. டிக்கிக்குள்ள வயர்க்கட்டை ஆட்டினா நூருது. அப்ப பிரேக் லைற்றுக்குப் போற பச்சை-ஊதா வயர்தான் எங்கயோ கார் பொடியில முட்டி ஷோர்ட் ஆகுது எண்டு நினைக்கிறன்.

முழு வயரிங்கும் மாத்தச் சொல்லீனம், அப்பா ஓடின கார், தேவையில்லாமல் பிரிக்க மனமில்லை. பிரேக் சுவிச்சில இருந்து பின்னுக்கு அந்த வயர் எதால போகுது, வழமையா எந்த இடத்தில உரசுறது? படம் இருந்தா போடுங்கோ.