மேடை வளைந்தால் உரசுகிறது, நேரானால் இடம் போதவில்லை

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். அட்டனிலுள்ள எங்கள் வீட்டில், 183 சென்ரிமீற்றர் நீளமான பலகையொன்றில், மலையகப் பாதையின் சிறிய புகையிரத நிலையமொன்றின் மாதிரியை 1:76 அளவில் (உண்மையானதில் 76இல் ஒரு பங்கு) அமைத்து வருகிறேன். எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிச் செல்ல இரட்டைத் தண்டவாளம் வேண்டும், ஆனால் இரு முனைகளிலும் பாதை பிரியும் பொயின்ட்டுகளுக்கே ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் வீதம் போய்விடுவதால், இயந்திரமும் மூன்று பெட்டிகளும் நிற்க இடம் நெருக்கடியாகிறது. ஆகவே நிலைய மேடையை, பாதை வளையும் இடத்துக்குள் நீட்டிப் பார்த்தேன். உட்புற விளிம்பில் பெட்டியின் நடுப்பகுதியும், வெளிப்புற விளிம்பில் அதன் முனைகளும் உரசுகின்றன. வளைவில் மேடைக்கும் பெட்டிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள், அல்லது ஒரு பெட்டியைக் குறைத்து மேடையை நேராகவே வைப்பதுதான் நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.