புதுப்பிப்பு: இட்லி மாவு அளவுக்கு மீறிப் புளிப்பது நின்றது

இரவு அரைத்து வைக்கும் இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி மேடையெல்லாம் வழிகிறது, புளிப்பு தாங்கவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெந்தயத்தைக் குறைத்தேன், பலனில்லை. கைகொடுத்தது இங்கே ஈசூன் பகுதியில் இருக்கும் அக்கா சொன்ன வழிதான்: ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, 6 மணி நேரத்தில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. சிங்கப்பூரில் நள்ளிரவிலும் 26, 27 பாகை வெப்பம். ஊர்க் கணக்கில் 12 மணி நேரம் வெளியே விட்டது என் தவறு.

எதிர்பாராதது ஒன்று. மாவுப் பாத்திரத்தை இத்தனை நாளும் ஃபிரிட்ஜின் பக்கவாட்டை ஒட்டியே வைத்திருக்கிறேன். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருக்கிறது! இடத்தையும் மாற்றிவிட்டேன்.

நேற்று இட்லி துணியில் ஒட்டாமல் கழன்று வந்தது. மாமியார் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை, நான்காவதை எடுத்துக்கொண்டார்.