ஃப்யூஸ் செய்த தட்டு சில நாள் கழித்து விரிசல் விடுகிறது: அனீலிங் போதவில்லையா, கண்ணாடியே சேரவில்லையா?

கேள்வி

வணக்கம். சிறிய மின்சூளையில் கண்ணாடி ஃப்யூசிங் (துண்டுகளைச் சூட்டில் உருக்கி ஒன்றாக்குவது) பழகி வருகிறேன். சிஓஇ (சூட்டில் கண்ணாடி விரியும் அளவைச் சொல்லும் எண்) 96 தெளிவான கண்ணாடி 3 மி.மீ. அடியில், அதன் மேல் அதே தடிமனில் வண்ணத் துண்டுகள். 800 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம், பிறகு 510-இல் ஒரு மணி நேரம் அனீலிங் (உள் இறுக்கம் தீர அதே சூட்டில் நிறுத்துவது), அங்கிருந்து மணிக்கு 80 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, சூளையை அணைத்து மூடியே வைத்தேன்.

வெளியே எடுத்தபோது தட்டு நன்றாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து, யாரும் தொடாமலே, ஒரு நீலத் துண்டைச் சுற்றி விரிசல். அந்த நீலம் மட்டும் பெயர்ச்சீட்டு இல்லாத மிச்சப் பெட்டியிலிருந்து வந்தது. அதுவும் 96 என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அனீலிங் நேரத்தைக் கூட்டினால் சரியாகுமா? மேற்பரப்பில் அங்கங்கே வெண்மையாக மங்கலும் இருக்கிறது.

பதில் 1

விரிசலின் ஓரம் எப்படி இருக்கிறது? மழுங்கி உருண்டிருந்தால், சூடேறும்போதே உடைந்து பிறகு உருகியிருக்கிறது; ஏற்றும் வேகம் அதிகம் என்று அர்த்தம். கூர்மையாக இருந்தால் குளிரும்போதோ அதற்குப் பிறகோ வந்தது. அப்புறம் தட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கில்ன் வாஷ் (கண்ணாடி ஒட்டாமலிருக்கப் பலகையில் பூசும் பூச்சு) உதிர்ந்த இடத்தில் கண்ணாடி தட்டுப்பலகையோடு ஒட்டிக்கொண்டாலும் இழுபட்டு உடையும்.

கேட்டவர்

ஓரம் கத்தி போலக் கூர்மை. அடிப்பக்கம் சுத்தம், எங்கும் ஒட்டவில்லை. விரிசல் நீலத்தின் எல்லையை அப்படியே பின்தொடர்கிறது.

பதில் 2

அப்படியானால் எனக்குச் சந்தேகம் நீலத்தின் மேல்தான். அனீலிங் குறையால் வரும் விரிசல் பெரும்பாலும் நிறத்தைப் பார்க்காது. தட்டின் குறுக்கே வளைந்து வளைந்து ஓடும். நிறத்தின் எல்லையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இரண்டு கண்ணாடிகளும் ஒத்துப்போகவில்லை.

96 என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி ஒரு டிகிரிக்கு சுமார் 0.0096 மி.மீ. நீளும் என்பதே அதன் பொருள். அதுவும் 20 முதல் 300 டிகிரி வரை அளந்த சராசரி. கண்ணாடி இறுகுவது அதற்கு மேலே, 500 டிகிரியை ஒட்டி. அங்கே அதன் பாகுத்தன்மை எப்படி மாறுகிறது என்பதை இந்த எண் சொல்லாது. ஒரே எண் போட்ட இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று உடைப்பது இதனால்தான்.

அனீலிங்கை எவ்வளவு நீட்டினாலும் இது தீராது. சீரற்றுக் குளிர்வதால் வரும் இறுக்கத்தைத்தான் அனீலிங் போக்கும். சுருங்கும் அளவே வேறுபட்டால், குளிரும் ஒவ்வொரு முறையும் இறுக்கம் திரும்ப வரும்.

சோதனை எளிது. தெளிவான கண்ணாடிப் பட்டை ஒன்றில் சந்தேகமான வண்ணங்களின் சிறு சில்லுகளை இடைவெளி விட்டு வையுங்கள். கூடவே அதே தெளிவான கண்ணாடியின் சில்லு ஒன்றையும் கட்டாயம் வையுங்கள். வழக்கமான அட்டவணையிலேயே சுடுங்கள். பட்டை முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, வெள்ளைத் திரை காட்டும் எல்சிடி மானிட்டர் முன் பிடித்து, போலரைஸ்டு வெயில் கண்ணாடி (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் மூக்குக் கண்ணாடி) வழியே பாருங்கள். முதலில் அந்த வெயில் கண்ணாடியைத் திருப்பித் திரையை இருட்டாக்கிக்கொள்ள வேண்டும். சில்லைச் சுற்றி ஒளி வளையம் தெரிந்தால் அங்கே இறுக்கம் இருக்கிறது. தெளிவான சில்லைச் சுற்றியும் ஒளிர்ந்தால் அனீலிங்கிலும் குறை.

பதில் 3

மங்கல் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது டிவிட்ரிஃபிகேஷன், மேற்பரப்பில் படிகம் கட்டுவது. ஏறக்குறைய 700 முதல் 760 டிகிரிக்குள் கண்ணாடி அதிக நேரம் நின்றால் வரும். கைரேகை, வெட்டும் எண்ணெய், கிரைண்டர் தூள் ஒட்டியிருந்தால் இன்னும் எளிதில் வரும். அடுக்குவதற்கு முன் நன்றாகக் கழுவித் துடையுங்கள். அந்த வெப்ப எல்லையில் தாமதிக்காதீர்கள். நல்ல தட்டில் மங்கல் வந்தால், மேற்பரப்பை ஈரத்தோடு தேய்த்து, தெளிவான கண்ணாடித் தூளை மெலிதாகச் சலித்துத் தூவி மறுபடி முழு ஃப்யூஸ் செய்யலாம். தூள் சலிக்கும்போது சுவாசக் கவசம் இல்லாமல் உட்காரவே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது.

கேட்டவர்

சோதனை செய்தேன். தெளிவான சில்லு இருட்டாகவே இருந்தது, மற்ற நிறங்களும் அப்படியே. நீலத்தைச் சுற்றி மட்டும் பளிச்சென்று வளையம்! மீதி நீலத்தை என்ன செய்வது? விரிசல் விட்ட தட்டை ஒட்ட வைக்க முடியுமா?

பதில் 2

தட்டை மறுபடி சுட்டால் விரிசல் மூடும், பிறகு திரும்ப வரும். அதில் எதையும் பரிமாறவும் வேண்டாம். எப்போது தெறிக்கும் என்று சொல்ல முடியாது. நீலத்தைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே எழுதி வையுங்கள். அதே தாளின் துண்டுகளை ஒன்றோடொன்று மட்டும் சேர்த்தால் இந்தச் சிக்கல் வராது. 6 மி.மீ. தடிமன் வரும்படி இரண்டடுக்காக வைத்துப் பதக்கம் செய்து பாருங்கள்.

பதில் 1

அனீலிங் அட்டவணையை மாற்ற வேண்டாம். 6 மி.மீ. தட்டுக்கு இதுவே போதும்.