கடைக்கு வருவோருக்கு வைஃபை கொடுக்கலாமா? ஹாட்ஸ்பாட் பற்றிச் சில ஐயங்கள்

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஆதார், பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை அச்செடுக்க வருவோர் பலருக்குக் கோப்பை அனுப்பும் நேரத்தில் டேட்டா தீர்ந்துபோய், "கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்கள் அண்ணா" என்று கேட்கிறார்கள். இதுவரை என் கைப்பேசியிலிருந்தே கொடுத்து வந்தேன். இப்போது கடைக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டதால், ரூட்டரின் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம் என்று எண்ணுகிறேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, இப்படிக் கொடுப்பதால் எவருக்கேனும் தீங்கு நேருமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை நெட்வொர்க் பணியாளர்

வணக்கம் ஐயா. அருகிலுள்ள கருவிகளோடு ரேடியோ அலையில் பேசி அவற்றை இணையத்தில் சேர்ப்பதுதான் இரண்டின் வேலையும். கைப்பேசி செல்போன் கோபுரத்தின் வழியாகவும் ரூட்டர் ஃபைபர் வழியாகவும் அதைச் செய்கின்றன என்பதே வேறுபாடு. தினமும் பலருக்குக் கொடுப்பதற்கு ரூட்டரே ஏற்றது.

ஆனால் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்ட வேண்டாம். நான் முதலில் அஞ்சுவது உங்கள் வாடிக்கையாளரின் கைப்பேசிக்காக அல்ல, உங்கள் கடைக் கணினிக்காக. ஊரார் கொடுத்த ஆதார் நகல்களும் பட்டாக்களும் அதில்தான் கிடக்கின்றன. அதே வைஃபையில் இணைந்த எவரும், கோப்புறை ஏதேனும் பகிர்வில் திறந்திருந்தால் அதை எட்டிப் பார்க்க முடியும். பிரிண்டரும் அப்படியே. எனவே ரூட்டர் அமைப்பில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்பதை இயக்கி, வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் வைத்து, வருவோருக்கு அதை மட்டும் கொடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும், கடையின் கருவிகள் தென்படா.

இன்னொன்றும் உண்டு. 2004ஆம் ஆண்டு வந்த டபிள்யூபிஏ2 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையில் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தும்போது, அதை அறிந்த ஒருவர், பிறர் இணையும் தருணத்தைப் பதிவு செய்துகொண்டால், அவர்கள் அனுப்பும், பெறும் தரவின் வைஃபை மறைப்பை (குறியாக்கத்தை) அவிழ்த்துவிட முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்தக் குறையைத் தீர்த்தது. உங்கள் ரூட்டரில் அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பழைய கைப்பேசிகள் இணையாவிட்டால் இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை இருக்கிறதா என்று பாருங்கள். வங்கித் தளங்களும் மின்னஞ்சலும் எச்டிடிபிஎஸ் என்னும் தனி மறைப்போடு வருவதால் அவற்றின் உள்ளடக்கம் அப்போதும் காக்கப்படும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரிக்கை காட்டினால் மட்டும் மேலே செல்லக் கூடாது.

முதலியார்பேட்டை மாணவி

விடுதியில் இருப்பதால் மடிக்கணினிக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்பியிருக்கிறேன். விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (டேட்டாவுக்கு அளவுள்ள இணைப்பு) என்று குறித்துவிட்டால், பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்கி அன்றைய டேட்டாவை விழுங்குவதில்லை. அருகருகே அமர்ந்து பயன்படுத்தும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை வேகமாக இருக்கிறது. சுவருக்கு அப்பால் போனால் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் எட்டுகிறது.

ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனத்தின் ரயில்வயர் வைஃபையையும் பயன்படுத்துவேன். எண்ணுக்கு வரும் ஓடிபியை இட்டால் நாளொன்றுக்கு முதல் 30 நிமிடங்கள் இலவசம். அதே பெயரை வேறொருவர் தம் கருவிக்கு வைத்தும் ஏமாற்றலாம் என்பதால், வேலை முடிந்ததும் 'தானாக இணை' என்பதை அணைத்துவிடுகிறேன்.

நெல்லிக்குப்பம் வாசகர்

கட்டணம் வாங்கிக் கொடுக்க எண்ணினால், ஐயா, பிஎம் வாணி திட்டத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சிறு கடைக்காரரும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இன்றிப் பொது வைஃபை வழங்கலாம். அத்திட்டத்துக்கு ஏற்ற கருவி வேண்டும். பயனரை உறுதிசெய்து கணக்குப் பார்ப்பதைத் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனம் கவனிக்கும். சாதாரண இணைப்பை அப்படியே விலைக்கு விற்பதை உங்கள் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடை

மிக்க நன்றி. கட்டணம் வாங்கும் எண்ணம் இல்லை. கணினியில் ஒரு கோப்புறை பகிர்வில் இருந்ததைப் பார்த்து அதை நிறுத்திவிட்டேன். கெஸ்ட் கடவுச்சொல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது?

லாஸ்பேட்டை நெட்வொர்க் பணியாளர்

வாரத்துக்கு ஒருமுறை போதும் ஐயா. கடை மூடும்போது கெஸ்ட் நெட்வொர்க்கையும் அணைத்துவிடுங்கள்; ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு நிறுவனம் வைத்துத் தந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.